துறை லேப்பில் வன்பொருள் வேலை: பார்ட் மாற்றுவதற்கு முன்னால்

பல்கலைக்கழகத்திலோ பொறியியல் கல்லூரியிலோ ஒரு துறையின் வன்பொருளைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரே மாதிரிப் பெட்டிகள் இருப்பதில்லை. லேப்பில் வரிசையாக 30 அல்லது 60 டெஸ்க்டாப் இருக்கும். துறைத்தலைவர் (எச்ஓடி) அறையிலும் ஆசிரியர் அறைகளிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் இருக்கும். ஆராய்ச்சி மாணவர்களின் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) மெஷின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடும். ஏதோ ஒரு கருவியோடு கட்டிப்போட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி இன்னொரு மூலையில் இருக்கும். இதோடு சுவிட்ச், பிரின்டர், புரொஜெக்டர், யுபிஎஸ். பார்ப்பதற்கு ஆள் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். புது பார்ட் வேண்டுமென்றால் இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை), மூன்று கொட்டேஷன், ஒப்புதல் என்று வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் எது நிஜமாகவே போயிருக்கிறது, எது போனது போலக் காட்டுகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி. செத்துவிட்டது என்று மூலையில் ஒதுக்கி வைக்கும் சிஸ்டங்களில் பெரும்பாலானவை கரண்ட், தூசி, கான்டாக்ட் என்ற மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆன் ஆகாத சிஸ்டம்

"சார், 17-ஆம் நம்பர் சிஸ்டம் ஆன் ஆகல" என்று மாணவர் வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது: ஃபேன் சுத்துதா, லைட் எரியுதா, மானிட்டரில் ஏதாவது எழுத்து வருதா? மூன்றுக்கும் வழி வேறு.

லைட் கூட இல்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டாம். சுவர் சுவிட்ச், ஸ்பைக் பஸ்டரின் ஓவர்லோட் பட்டன், பவர் கார்டின் இரண்டு முனை. கார்டு எஸ்எம்பிஎஸ்ஸில் (பெட்டிக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளையில்) சேரும் இடத்தில் லூசாகி உள்ளே கருகியிருப்பது அடிக்கடி நடக்கும். பக்கத்து சிஸ்டத்தின் கார்டை மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிலும் வரவில்லையென்றால் கார்டைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி செருகி ஆன் செய்யுங்கள். மின்வெட்டுக்குப் பிறகோ ஜெனரேட்டர் மாறும் நேரத்திலோ எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு நிற்பது உண்டு. தேங்கியிருக்கும் சார்ஜ் இறங்கினால் தானாக எழுந்துகொள்ளும்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர். வழக்கமான 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் அது தனியாக ஓடும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வர வேண்டும். ஆனால் லோடு இல்லாமல் சரியாகக் காட்டிவிட்டு லோடில் சரிந்துவிழும் எஸ்எம்பிஎஸ் நிறைய உண்டு. போர்டில் செருகியபடியே, கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் முனையை விட்டு, ஆன் ஆகும் நேரத்தில் அளப்பதுதான் நம்பகமானது. டெல், எச்பி, லெனோவோ டெஸ்க்டாப்களில் பல மாடல்களுக்கு அவர்களுடைய சொந்த கனெக்டர்தான். அதில் பெரும்பாலும் 12 வோல்ட் மட்டும் வரும், நிறமும் பின் வரிசையும் வேறு. பச்சை–கறுப்பு வித்தையை அங்கே செய்யக் கூடாது. எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கார்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ராம் (நினைவகம்) மேல்தான். பவர் பட்டன் விளக்கு மின்னும் விதத்தை எண்ணிப் பாருங்கள். டெல் மெஷின்களில் ஆம்பர் 2, வெள்ளை 3 என்றால் ராம் தெரியவில்லை. 2, 4 என்றால் ராம் பழுது. 2, 1 என்றால் பிராசசர். பீப் ஒலி கொடுக்கும் போர்டில் அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேப்பில் உள்ள மாடல்களுக்கான பட்டியலை அச்சிட்டு டூல்ஸ் டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்தால் தேடி அலைய வேண்டியதில்லை.

ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் இருந்ததைவிட மோசமாகும், அதனால் தேய்ப்பது போர்டை விட்டுத் தள்ளி. ஸ்லாட்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டி ஊதுங்கள். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். எந்த ராம், எந்த ஸ்லாட் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே போங்கள். இரண்டு ராம், நாலு ஸ்லாட் என்றாலே எட்டு சேர்க்கை, மனதில் நிற்காது. டிடிஆர்5 போர்டில் ராமை மாற்றியபின் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டு ராமை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. வரவில்லையே என்று இடையில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு விதி உண்டு. சந்தேகமான ராமை நல்ல போர்டில் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஹார்ட் டிஸ்க்கையோ நல்ல ராமையோ சந்தேகமான எஸ்எம்பிஎஸ் உள்ள சிஸ்டத்தில் ஒருபோதும் போடக் கூடாது. ஒரு பழுது மூன்றாகப் பெருகுவது இப்படித்தான்.

பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசு வடிவில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032, விலை மிகக் குறைவு, கொடுக்கும் தொல்லையோ விதவிதம். தேதி பின்னால் போய்விடும். உடனே எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வரும். "நெட் வேலை செய்யலை" என்ற புகாராகத்தான் அது நம்மிடம் வந்து சேரும். இன்னொரு வகை இதைவிடக் குழப்பமானது. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்ட சிஸ்டத்தில் பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறையை ஏஎச்சிஐ என்று மாற்றி வைத்திருப்போம். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி ரெய்டு என்ற வேறு முறைக்குப் போய்விடும் மாடல்கள் உண்டு. விண்டோஸ் நீலத்திரை காட்டும், லினக்ஸுக்கு டிஸ்க்கே தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். பயாஸில் அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்து, காசு பேட்டரியை மாற்றினால் போதும். ஒரே பேட்ச்சில் வாங்கிய 30 சிஸ்டத்தில் ஒன்றின் பேட்டரி தீர்ந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும். செமஸ்டர் விடுமுறையில் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

யுபிஎஸ்ஸும் எர்த்தும்

கணினி ஆட்கள் அதிகம் தொடாத பகுதி இது. எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் லேப்பில் போர்டுகள் அடுத்தடுத்துப் போகின்றன என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

முதலில் கணக்கு. மானிட்டரோடு சேர்த்து ஒரு டெஸ்க்டாப் வேலை நேரத்தில் ஏறக்குறைய 120 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 60 சிஸ்டத்துக்கு 7,200 வாட். 10 கேவிஏ யுபிஎஸ்ஸின் பவர் ஃபேக்டர் 0.8 என்றால் அது தரக்கூடியது 8,000 வாட்தான். அதாவது அந்த லேப் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இன்னும் பத்து சிஸ்டம் போடலாமே என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 16 பேட்டரி, ஒவ்வொன்றும் 12 வோல்ட் 42 ஆம்பியர் ஹவர் என்றால் ஏட்டளவில் 8 யூனிட் இருக்கிறது. அரை மணி நேரத்தில் உறிஞ்சும்போது லெட் ஆசிட் பேட்டரி அதில் பாதியை ஒட்டித்தான் கொடுக்கும். எனவே முழு லோடில் புதுப் பேட்டரிக்கே அரை மணி, கொஞ்சம் கூட. வருஷம் ஆக ஆக அதுவும் குறையும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வகுப்பு இல்லாத நேரத்தில், எல்லா சிஸ்டத்தையும் ஆன் செய்து வைத்து யுபிஎஸ்ஸுக்கு வரும் மெயினை அணைத்துப் பாருங்கள். தொடக்கத்திலும் பத்தாவது நிமிடத்திலும் ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். மற்றவை 12-க்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒன்று மட்டும் ஒரு வோல்ட் கீழே இருந்தால் அதுதான் மொத்த வரிசையையும் இழுத்துவிடுகிறது. 10.5-க்குக் கீழே போனால் அதன் கதை முடிந்தது. எல்லாம் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் ஒன்று விழுந்தாலே யுபிஎஸ் நின்றுவிடும். பழைய வரிசையில் புதிது ஒன்றை மட்டும் செருகுவது தற்காலிகத்துக்குத்தான் ஆகும். சார்ஜ் சமமாக ஏறாமல் புதிதும் சீக்கிரம் கெடும். பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மே மாதத்தில் கதவடைத்த அறையில் பேட்டரி ரேக் வைத்துவிட்டு வாரண்டியை நம்பிப் பயனில்லை. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது வேண்டும்.

16 பேட்டரி சேர்ந்தால் 192 வோல்ட் டிசி, சார்ஜில் 215-க்கு மேல். இது ஆளைக் கொல்லும். மோதிரம், வாட்ச், உலோக வளையல் கழற்றிவிட்டு, இன்சுலேஷன் சுற்றிய ஸ்பானரோடு, பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போதுதான் கைவைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் மீட்டரோடு நிறுத்திக்கொண்டு, டெர்மினலைக் கழற்றும் வேலையை யுபிஎஸ் கம்பெனி ஆளிடம் விடுவதே சரி.

எர்த் சோதிக்க சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் முனை) நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் அதேபோல வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அது பத்து, இருபது என்று ஏறினால் எர்த் சரியில்லை. "பெட்டியைத் தொட்டா சுரீர்னு இருக்கு சார்" என்று மாணவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருப்பவை. எர்த் அறுந்துபோனால் பெட்டியின் உலோக உடம்பில் மெயின் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போய்விடுகிறது. ஆனால் நிஜமாக லீக்கேஜ் வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதற்கு அது அறிகுறி. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றச் சொல்லி மின் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் லைன் சாக்கெட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள், அல்லது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். லேசர் பிரின்டர் சூடாகும் நேரத்தில் ஆயிரம் வாட் வரை இழுக்கும். துப்புரவுப் பணிக்கு வரும் அக்கா வாக்குவம் கிளீனரை எந்த சாக்கெட் கண்ணில் படுகிறதோ அதில்தான் போடுவார். அவருக்குத் தெரிய வேண்டுமானால் நிறம்தான் சொல்ல வேண்டும்.

ஜிபியு மெஷின் துறைக்கு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டு மட்டுமே 450 வாட் வரை போகும். முழு மெஷின் ஆறேழு டெஸ்க்டாப்புக்குச் சமம், அதுவும் நாள்கணக்கில் நிற்காமல். அதற்குத் தனி 16 ஆம்பியர் சாக்கெட், தனி யுபிஎஸ் கேளுங்கள். இரவில் லேப் ஏசியை அணைக்கும் வழக்கம் இருந்தால் மெஷின் சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரெய்னிங் ஏன் இரவில் மட்டும் மெதுவாகப் போகிறது என்று ஆராய்ச்சி மாணவர் கேட்பார். கார்டுக்குப் போகும் 16 பின் கனெக்டர் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கனெக்டரிலிருந்து 3.5 சென்டிமீட்டருக்குள் வயரை வளைக்காதீர்கள். பாதி நுழைந்த கனெக்டர் உருகும்.

தூசி தட்டும் வேலை

ஆண்டுக்கு இரண்டு முறை, செமஸ்டர் இடைவெளியில். பெட்டியை வெளியே வராந்தாவுக்கு எடுத்துப்போய், புளோயரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். பிராசசர் ஹீட்சிங்க்கின் மேற்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் ஃபேனுக்கும் இறகுகளுக்கும் நடுவே கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். ஃபேனைத் தனியே கழற்றாமல் அது தெரியாது.

மூன்று நான்கு வருஷம் ஆன சிஸ்டத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், பிறகு அணைத்து, கார்டைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராகத் தூக்கினால் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டைவிட்டு வந்துவிடும், பின் வளையும். இன்டெல்லில் பின் இருப்பது போர்டின் சாக்கெட்டில். அங்கே துணி மாட்டினாலே போர்டு போச்சு. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைலால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டுக்குப் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆக்கும், எறும்பு கூடு கட்டும், எலி லேன் வயரைக் கடிக்கும். பெட்டியின் பின்பக்கத்தில் விஸ்தரிப்பு ஸ்லாட் மூடிகள் காணாமல் போயிருந்தால் பழைய மெஷின்களிலிருந்து எடுத்து மூடுங்கள். கடலோரக் கல்லூரிகளில் உப்புக்காற்று யுஎஸ்பி, விஜிஏ முனைகளில் பச்சை பூக்க வைக்கும். அங்கே கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே மாதம் ஒருமுறை தேவைப்படும்.

டிஸ்க்: பெட்டியைவிட உள்ளே இருப்பது பெரிது

லேப் சிஸ்டத்தில் டிஸ்க் போனால் அரை மணி நேர வேலை. ஆராய்ச்சி மாணவரின் மெஷினில் போனால் மூன்று வருஷ உழைப்பு. இரண்டையும் ஒரே அவசரத்தில் கையாளக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் முன்கூட்டியே சொல்லிவிடும், கேட்க ஆள் வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவது) பட்டியலைத் திறந்து 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். மாற்றி எழுதப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர், கைவிடப்பட்ட செக்டர் என்பவை அவை. 197-இல் பூஜ்யத்துக்கு மேல் ஏறத் தொடங்கிவிட்டால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லதுதான், சாட்டா கேபிளை மாற்றுங்கள். எஸ்எஸ்டி இப்படிச் சொல்லிக்கொண்டு போவது குறைவு. நேற்றுவரை ஓடி இன்று பயாஸிலேயே காணாமல் போகும். அதனால் எஸ்எஸ்டி போட்டுக்கொடுக்கும் நாளிலேயே பேக்கப் எங்கே என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டுவதுதான் பலரும் முதலில் செய்வது. அது பழுதான பகுதியையே திரும்பத் திரும்பப் படித்து, மிச்ச உயிரையும் எடுத்துவிடும். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை மட்டும் எடுத்துவிட வேண்டும். கடினமான இடங்களை இரண்டாம் சுற்றில் மூன்று முறை முயலச் சொன்னால் போதும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைல் மீட்பதெல்லாம் அந்த நகலின் மேல்தான். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் எதுவும் செய்யாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்பலாமா என்று உரியவரிடமே கேளுங்கள்.

புது மடிக்கணினிகளிலும் டெஸ்க்டாப்களிலும் டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் தானாகவே இயங்கியிருக்கலாம். பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன் அதை இடைநிறுத்துங்கள். மதர்போர்டு மாற்ற கம்பெனி ஆள் வருகிறார் என்றால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். மாற்றிய பிறகு அது இல்லாமல் டிஸ்க் திறக்காது.

பழைய சிஸ்டங்களைப் பற்றி: விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குமேல் வேண்டும். அதற்கு முந்தைய ஐ3, ஐ5 பெட்டிகளை உடனே கழிக்க வேண்டியதில்லை. 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் போட்டு லினக்ஸ் ஏற்றினால் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் லேப்களுக்கு இன்னும் சில ஆண்டு தாராளமாக ஓடும்.

தேர்வுக்கு முந்தைய வாரம்

செய்முறைத் தேர்வு ஏப்ரல், மே வாக்கிலும் நவம்பர் வாக்கிலும் வரும். 30 பேர் கொண்ட பேட்ச்சுக்கு 33 சிஸ்டம் தயாராக இருக்க வேண்டும். ஒரு சிஸ்டத்தை முழுதாகத் தயார்செய்து குளோன்சில்லா என்ற மென்பொருளில் இமேஜ் (முழு டிஸ்க் நகல்) எடுத்து வைத்துவிட்டால் மற்றவற்றுக்கு ஏற்றுவது நெட்வொர்க் வழியே ஒரே நேரத்தில் நடக்கும். ஏற்றிய பிறகு கணினிப் பெயரை மாற்ற மறக்காதீர்கள். லினக்ஸில் மெஷின் ஐடியையும் (கணினியின் அடையாள எண்) புதிதாக உருவாக்குங்கள். சில பதிப்புகளில் ஐபி முகவரி அதை வைத்தே கேட்கப்படுகிறது, ஒரே ஐடி இருந்தால் இரண்டு சிஸ்டத்துக்கு ஒரே முகவரி வந்து இரண்டும் தடுமாறும். முதல் நாள் மாலை அப்டேட்டை நிறுத்திவைத்து, 33 சிஸ்டத்திலும் ஒரு சிறிய நிரலை எழுதி, சேமித்து, பிரின்ட் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு யாரையும் எதையும் இன்ஸ்டால் செய்ய விடாதீர்கள்.

நெட்வொர்க்கில் அடிக்கடி வருவது இரண்டு. ஒரு சிஸ்டம் மட்டும் 1 ஜிபிக்குப் பதில் 100 எம்பி வேகத்தில் நின்றால் கேபிளில் நீலம் அல்லது பழுப்பு ஜோடி அறுந்திருக்கிறது. 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும் என்பதால் இணைப்பு வந்துகொண்டேயிருக்கும். கிரிம்ப் செய்த முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று மறுபடி அடியுங்கள். மொத்த லேப்பும் திடீரென்று முடங்கினால், யாரோ தொங்கிய கேபிளின் இரண்டு முனையையும் சுவர் சாக்கெட்டில் செருகி லூப் போட்டிருப்பார்கள். சுவிட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னும். லூப் தடுப்பு வசதி உள்ள சுவிட்ச் என்றால் அதை ஆன் செய்துவிடுங்கள்.

கருவியோடு கட்டிய கம்ப்யூட்டர்

வேதியியல், இயற்பியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளில் நம் திறமை நிஜமாகவே தேவைப்படுவது இங்கே. பல லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் நன்றாகவே இருக்கும். அதை ஓட்டும் கம்ப்யூட்டர் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ. கருவிக் கம்பெனி புது மென்பொருளுக்குக் கேட்கும் விலையில் இன்னொரு லேப் அமைக்கலாம். அந்தப் பெட்டியைக் காப்பாற்றினால் கருவியும் பிழைக்கும்.

அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை முழு இமேஜ் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அதே அளவில் இன்னொரு டிஸ்க்கில் அந்த இமேஜை ஏற்றி, மாற்றிப் போட்டு, கருவி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, லேபிள் ஒட்டி அலமாரியில் பூட்டிவையுங்கள். இன்ஸ்டாலேஷன் சிடிகளை ஐஎஸ்ஓ ஆக மாற்றுங்கள், லைசென்ஸ் எண்ணைப் படம் எடுங்கள். பின்னால் செருகியிருக்கும் டாங்கிளை (மென்பொருளின் உரிமச் சாவி) பென் டிரைவ் என்று நினைத்து யாராவது பிடுங்குவார்கள். கேபிள் டை போட்டுக் கட்டி "எடுக்காதே" என்று எழுதுங்கள். இந்தப் பெட்டியை இணையத்தோடு இணைக்கவே கூடாது. எக்ஸ்பிக்கு 2014-லிலும் விண்டோஸ் 7-க்கு 2020-லிலும் ஆதரவு முடிந்துவிட்டது. தரவை எடுக்க ஒரு பென் டிரைவை அதற்கென்றே ஒதுக்கி, வேறு கணினியில் ஸ்கேன் செய்த பிறகே உள்ளே விடுங்கள். முடிவுகளை நேரடியாக அச்சிட்டு எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் பாதுகாப்பு.

மதர்போர்டே போய்விட்டால் சிக்கல், கருவியின் கேபிள் செருகும் சீரியல் போர்ட்டில் வரும். புது மெஷினில் 9 பின் போர்ட் இருக்காது. யுஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கும்போது எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் உள்ளதாகப் பாருங்கள். மலிவுக் கேபிள்களில் போலிச் சிப் இருந்தால் டிரைவர் ஏற்காது. சில பழைய மென்பொருள்கள் காம்1 முதல் காம்4 வரைதான் தேடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் எண்ணை அதற்குள் மாற்றுங்கள், பிறகு கேபிளை எப்போதும் அதே யுஎஸ்பி துளையிலேயே செருகுங்கள். துளை மாறினால் எண்ணும் மாறலாம். பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் கருவியின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள்: 2, 3 பின்கள் நேராகப் போகும் கேபிளும் உண்டு, குறுக்காக மாறும் கேபிளும் உண்டு. மீட்டரில் கன்டினியூட்டி வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பிசிஐ (பழைய வகை கார்டு) ஸ்லாட் உள்ள பழைய போர்டுகள் இன்னும் கிடைக்கின்றன. கருவியின் கார்டு பிசிஐயில் இருந்தால், இப்போதைய போர்டு ஓடும்போதே அதே மாடலில் ஒன்றை வாங்கி வைப்பது அவசரத்தில் கைகொடுக்கும்.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

புது சிஸ்டம் இறங்கிய அன்று இன்வாய்ஸோடு ஒவ்வொரு சீரியல் எண்ணையும் ஒப்பிடுங்கள், மானிட்டரையும் சேர்த்து. ராம் அளவு, டிஸ்க் வகை, பிராசசர் மாடல் மூன்றையும் திரையில் பார்த்து எழுதுங்கள். கம்பெனியின் தளத்தில் வாரண்டி முடியும் தேதியைத் தேடுங்கள். அது இன்ஸ்டால் ஆன நாளிலிருந்து எண்ணாமல் கிடங்கைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து எண்ணப்பட்டிருக்கும் சில நேரம். இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்டை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள், ஆனால் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும். வாரண்டியில் டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கை அவர்கள் எடுத்துப்போவது வழக்கம். வினாத்தாளும் மதிப்பெண்ணும் இருக்கும் அலுவலக மெஷின்களுக்கு, டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைக் கொள்முதல் நிபந்தனையிலேயே கேட்டுவிடுங்கள்.

கண்டெம்னேஷன் (கழித்துக்கட்டும்) பட்டியல் போடும்போது சிஸ்டம் மொத்தமாகக் கழிகிறது என்பதால், அதிலிருந்து நல்ல ராமையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ வேறு சிஸ்டத்துக்கு எடுத்திருந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்று தேதியோடு எழுதி எச்ஓடி கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். தணிக்கையில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். டிஸ்க்குகளை முழுக்கப் பூஜ்யத்தால் எழுதி அழியுங்கள். எஸ்எஸ்டிக்கு பயாஸிலோ தயாரிப்பாளர் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸ். படிக்க முடியாமல் போன டிஸ்க்கை டிரில் போட்டுத் துளையுங்கள். பெட்டிகளைத் தெருவில் எடைக்கு வாங்குபவரிடம் தரக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அவர் கொடுக்கும் ரசீதில் எத்தனை சிபியு, எத்தனை மானிட்டர், எத்தனை பேட்டரி என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். யுபிஎஸ்ஸின் பழைய லெட் பேட்டரிகள் வேறு விதிகளின்கீழ் வருபவை; புது பேட்டரி தரும் டீலரிடமே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அதற்குக் கழித்த தொகையை பில்லில் காட்டச் சொன்னால் கணக்கும் சரியாக இருக்கும்.